ஆகட்டும்

ஜீப்பின் ஹாரன் அலறியதும் தெருக்கோழிகள் சிதறின. சிலமலையில் அன்னக்கொடியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கியவர் அவள் தம்பி. ஊருக்குக் காசிமாயன், சென்னைக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் கே. மாயன். காசியைச் சுருக்கித் தன்னைப் பெருக்கிக்கொண்டவர்.

"கிளி, மாமா பரிசம் பேச வந்துட்டாருடி! வெத்தலைத் தட்டைக் கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள் அன்னக்கொடி.

போடி ஏலக்காய் ஸ்டோரில் கூலிக்குக் காய் பொறுக்கித் தரம் பிரித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த மகள் செல்லக்கிளி, அவசரமாக முகம் கழுவிக்கொண்டு தட்டோடு வந்தாள்.

வாக்குக் கொடுப்பது என்றால் என்ன என்பதுதான் பேராசிரியரின் வாழ்நாள் ஆராய்ச்சி. அதை உரித்து உரித்தே இரண்டு புத்தகம் போட்டார், விமானம் ஏறினார், பொன்னாடைகள் வாங்கினார். அவர் கொடுத்ததாக ஊருக்குத் தெரிந்த வாக்கு ஒன்றுதான். அக்கா புருஷன் சாகக் கிடந்தபோது, "எம் மகளை உம் மகனுக்குக் கட்டிக்க மாப்ளே" என்றார். இவர், "ஆகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, தேவாரத்திலிருந்தும் குரங்கணியிலிருந்தும் வந்த வரன்களையெல்லாம் அன்னக்கொடி திருப்பி அனுப்பிவிட்டாள். கிளிக்கு வயது இருபத்தெட்டு.

பேராசிரியர் தோல்பையைத் திறந்து, மகனின் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை மேல் வைத்தார். பெண் சென்னைக்காரி, டாக்டர்.

அன்னக்கொடி அதைத் தொடவில்லை.

"செத்தவருக்குச் சொன்ன சொல்லு என்னாச்சுப்பு?"

"ஆகட்டும்னுதானக்கா சொன்னேன்? அது ஒரு விருப்பம். ஆச்சுன்னா ஆகட்டும், அவ்வளவுதான். 'கட்டிக்கிறேன்'னு சொன்னாத்தான் வாக்கு." வகுப்பில் நிற்பதுபோல விரலைத் தூக்கினார்.

"சந்தையில மாடு விக்கிறவன்கூட ஆகட்டும்னுட்டா கயித்தை மாத்திக் குடுத்துருவான்டா. சொன்னதை இல்லேங்கறதுக்கா அம்புட்டுப் படிச்ச?"

"நீ உணர்ச்சிவசப்படுற."

"விடு ஆத்தா," என்றாள் செல்லக்கிளி. "இவரு மகனைக் கட்டியிருந்தா, தாலியைக் கட்டுனாரா, சும்மா சுத்துனாரான்னு சாகுற மட்டும் விசாரிச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் உடைந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் அன்னக்கொடி தரையில் சரிந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு விம்மினாள்.

பேராசிரியரின் முகத்தில் முதன்முறையாக அக்கறை தெரிந்தது. சலவைச் சட்டை கசங்குவதையும் பாராமல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"அக்கா, அழுகாம யோசிச்சுச் சொல்லு. இப்ப ஒனக்குக் கோவம் எம் மேலயா, அந்தச் சொல்லு மேலயா? அடுத்த மாசம் லண்டன் கருத்தரங்குல கேப்பாங்க."