ஏழாம் குதிரின் குளிர்ச்சி

ஆகஸ்ட் மாதம். வெளியே தொண்ணூற்றாறு டிகிரி ஃபாரன்ஹீட். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தார் ரோடு இளகி டயரில் ஒட்டுகிற வெயில். அப்படிப்பட்ட நாளில் ஒரு இரும்புக் குதிர் மட்டும் தானாகக் குளிர்ந்துகொண்டே வந்தால் மனுஷனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? யாருக்கும் வரவில்லை. திரையில் பச்சை எரிந்தது. பச்சை எரிந்தால் போதும், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மார்லிஸுக்குத்தான் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அது உறுத்தியது. அவள் இருந்தது பிஸ்மார்க் நகரில், கம்பெனியின் தலைமை அலுவலகத்தில். எண்பது மைல் தள்ளி அவர்களுடைய கிடங்கு. அங்கே மூன்று மாடி உயரத்தில் பத்துக் குதிர்கள். ஏழாவதில் போன வருஷத்துச் சூரியகாந்தி விதை. எண்ணெய் வித்து அல்லவா, உள்ளே சூடு பிடித்தால் வெளியே தெரியாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டு கிடக்கும். அதற்காகக் குதிரின் நடுவே ஒரு கம்பி தொங்கும், அதில் எட்டு வெப்பமானிகள். எட்டின் சராசரியைத் திரையில் காட்டுகிற கணினி நிரல் மார்லிஸ் எழுதியது. ஜூலையில் எண்பத்து நான்கு காட்டியது. நேற்று எழுபத்து மூன்று. இன்று அறுபத்து நான்கு.

இதே வேலைக்கு முன்பு ஆர்லன் என்பவர் ஏடா என்கிற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தார். கறாரான மொழி. எண் வர வேண்டிய இடத்தில் வேறு எதையாவது நீட்டினால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடிக்க மனுஷருக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரே ஒரு வெப்பமானி வாயை மூடினாலும் அவருடைய நிரல் சைரனை அலற விட்டு நின்றுவிடும். பாதி நாள் ஏதோ ஒரு ஒயரை எலி கடித்திருக்கும். கிடங்கு ஆட்கள் அதற்கு ஒப்பாரிப் பெட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மார்லிஸ் ஐந்தே வாரத்தில் முடித்துக் கொடுத்தாள். அவள் எடுத்தது இணையப் பக்கங்களுக்கென்று பிறந்த மொழி. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், முகம் சுளிக்காது. செய்து காட்டிய அன்று எல்லார் முன்னாலும் ஒரு வெப்பமானியின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினாள். திரை அசரவில்லை. "பாத்தீங்களா, ஒயர் அறுந்தாலும் இது விழாது!" என்றாள். கை தட்டினார்கள். ஆர்லனுக்கு ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எத்தனை நாளில் முடித்தாய் என்று கேட்கத்தான் ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. விழ வேண்டிய நேரத்தில் விழுமா என்று கேட்க எவனுக்கு நேரம்?

இப்போது அவள் சராசரியை ஒதுக்கிவிட்டு எட்டு எண்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். எண்பத்திரண்டு. எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாற்பத்தொன்று. மீதி மூன்று இடமும் காலி.

கருகிப்போன மூன்று வெப்பமானிகளையும் அந்த நல்ல பிள்ளை மொழி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் எட்டால் வகுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சூடு ஏற ஏறக் கம்பி கருகும். கம்பி கருகக் கருகத் திரை குளிரும். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தாள்.

கிடங்கு மேலாளர் டுவேன் பேசினார். "என்னம்மா, உன் பச்சை விளக்கு ஜம்முன்னு எரியுது!"

"டுவேன், ஏழாம் நம்பர்ல கை வைக்காதீங்க. யாரும் கிட்டயே போகக்கூடாது."

"லாரி வந்து நிக்குதேம்மா. வெத மேல பொருக்குக் கட்டிக் கெடக்கு, கீழ எறங்க மாட்டேங்குது. குத்தி விடலாம்னு உன் தம்பிதான் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு உள்ள எறங்கியிருக்கான்."

கார்வின். அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

"வெளிய இழுங்க அவன! உள்ள தீ இருக்கு!"

"தீயா? அறுபத்தி நாலு காட்டுது. நீதான சொன்ன, கண்ண மூடிக்கிட்டு இத நம்புங்கன்னு?"

"நான் சொன்னது தப்பு! என் கணக்கே தப்பு! கால்ல வேணும்னாலும் விழுறேன், இழுக்கச் சொல்லுங்க!"

அவர் வாக்கிடாக்கியை அழுத்துகிற சத்தம் கேட்டது. "கார்வின், மேல வாடா. உங்க அக்கா போன்ல கத்துறா."

கரகரவென்று தம்பியின் குரல் வந்தது. "அவளுக்கு வேற வேல இல்ல. நான் சைக்கிள் ஓட்டுனாலே ஊரக் கூட்டுவா. ரெண்டு குத்து குத்திட்டு வந்துர்றேன்." பிறகு ஒரு சிரிப்பு. "ஆனா சும்மா சொல்லக்கூடாது, வாசன ஆளத் தூக்குது. யாரோ வெத வறுக்குற மாதிரி இருக்கு. பசியக் கெளப்புதுய்யா."

"டேய், ஏறுடா! ஏறித் தொலைடா!"

அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. எண்பது மைலுக்கு அப்பால் அவள் குரல் டுவேனின் காதோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த வாசனை என்ன என்று டுவேனுக்குத் தெரியும். முப்பது வருஷம் விதையோடு இருந்தவர். "மேல யாருடா நிக்கிறது? கயித்த இழு! இழுடா!" என்று அவர் கத்தியது போனில் கிழிந்து கேட்டது.

வாக்கிடாக்கியில் கார்வின் ஒருமுறை இருமினான். "பொருக்கு ஒடையுது" என்றான். அப்புறம் பொத்தென்று என்னவோ சரிந்த சத்தம். மார்லிஸின் முன்னால் திரையில் நூற்று நாற்பத்தொன்று மறைந்து அந்த இடமும் காலியானது. ஏழாம் குதிரின் சராசரி நாற்பத்தாறுக்கு இறங்கியது. பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

மேலே நின்றவனின் குரல் வந்தது. அழுகையும் மூச்சிரைப்புமாக இருந்தது.

"இழுத்துட்டேன் டுவேன். கயிறு மட்டுந்தான் வருது. நுனி கருகியிருக்கு."