கண்டக்டர் தலையில் கட்டிய கூடு

அன்று பனி விழுந்ததா, வெறும் மேகமூட்டம்தானா என்பது இப்போது சரியாக நினைவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பஸ் கண்டக்டரின் தலையில் நாரை கூடு கட்டியதைப் பற்றி மட்டும் இரண்டு பேச்சு கிடையாது. பறவை பார்க்கும் சங்கத்தோடு அவர் கழிமுகத்துச் சதுப்புக்குப் போனதே மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான். அவள் தையல்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு பகல் முழுசாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஓடும் பஸ்ஸிலேயே காலம் தள்ளியவர், வீட்டிலும் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடையாய் நடப்பார். பறவை பார்க்கிற இடத்திலாவது அசையாமல் நிற்பாரே என்பது அவள் நினைப்பு.

நின்றார். முழங்கால் சேற்றில், பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி, அப்படியொரு நிற்பு. மதியத்துக்குள் சாம்பல் நாரை ஒன்று குச்சி குச்சியாகக் கொண்டுவந்து அவர் தலையில் அடுக்கி, முட்டையும் இட்டுவிட்டது. தையல்காரி அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். சங்கத் தலைவரான பல் டாக்டர் குறுக்கே வந்தார்.

"கூட்டைக் கலைக்கக் கூடாதும்மா. சங்கத்துச் சட்டம்."

"அவரு என் வீட்டுக்காரரு, டாக்டர்."

"யாரு இல்லேன்னா? குஞ்சு பறந்ததும் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் அவரு மரம்."

"வீட்ல ஒரு நிமிஷம் உக்காராத மனுஷன். நாரைக்குன்னா மட்டும் நிக்கிறாரு பாருங்க."

மறுநாளே தையல் மெஷினைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். வேளாவேளைக்குச் சேற்றில் இறங்கி அவருக்கு ஸ்பூனால் சூப் புகட்டினாள். மீதி நேரம் தைத்துக்கொண்டே பேசினாள். வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்த பேச்சு. அது தீர்ந்த பிறகு இருவரும் சும்மா இருந்தார்கள். தண்ணீர் ஏறும், வடியும். ஒருநாள் தண்ணீர் வடிகிற நேரத்தில் கேட்டாள்: "என்கூட இருக்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

பேசினால் நாரை மிரளும். தலையை அசைத்தால் முட்டை உருளும். அவர் அசையவில்லை. பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தமோ என்று மருகி, அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எல்லாவற்றையும் கோணலாகவே தைத்தாள்.

குளிர் விடுகிற சமயத்தில் கடைசிக் குஞ்சும் பறந்தது. கண்டக்டர் பைனாகுலரை இறக்கினார். அவள் பக்கம் திரும்பி, கடைசி சீட்டுக்கும் தெரிகிற மாதிரி, ஆமாம் என்று தலையாட்டினார். குச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இதைச் சொல்லவா இவ்வளவு நாளு?"

"முட்டை இருந்துச்சுல்ல" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் கோணலாகத் தைத்த சட்டைகளை வாங்கியவர்கள் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறார்கள். கண்டக்டர் வேலைக்குத் திரும்பினார். சாயங்காலங்களில் மெஷின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த குளிர்காலம் அவர் தொப்பி போட்டுக்கொண்டு போனார். நாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பல் டாக்டரின் தலையில் இறங்கியது. சட்டம் சட்டம்தான். பல்வலிக்காரர்கள் இப்போது படகில் போய், வாயைத் திறந்து, சத்தம் போடாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள்.