பதினோரு விநாடி

இரண்டு காட்சிகளை வெட்டிச் சேர்த்த ஒட்டை மறைக்க ஒரு கை தேவைப்பட்டது. தலீலா பழைய காட்சிகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். கணினி சமையலறை மேசையில் இருந்தது, அப்பா பக்கத்து அறையில். கதவு திறந்திருந்ததால் அவர் மூச்சு இங்கே வரை கேட்டது. திங்கட்கிழமை எடுத்ததில் ஒரு கை கிடைத்தது. போர்வையின் மேல் சும்மா கிடக்கும் கை, விரல்கள் மட்டும் லேசாக அசைகின்றன. அதை இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஒட்டு தெரியவில்லை.

"லுத்ஃபி... வரட்டும். கதவு தொறந்துதான் கெடக்கு" என்றார் திரையில் அப்பா.

மொத்தம் பதினோரு விநாடி.

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. 'லுத்ஃபி' ஒரு வசவின் நடுவிலிருந்து வெட்டியெடுத்தது. மிச்சம், பேச்சின் ஆரம்பத்தில், முகம் மழிக்க வரும் நாவிதரைப் பற்றி அவர் சொன்னது. இரண்டுக்கும் இடையில் அரை மணி நேர தூரம்.

அண்ணன் லுத்ஃபி கடலுக்கு அந்தப் பக்கம், மார்ஸே நகரத்தில் இருந்தான். பத்து வருடங்களுக்கு முன் அப்பாவின் மீன்பிடிப் படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, ஏழு கூட்டாளிகளோடு இத்தாலிக்குக் கடல் தாண்டியவன். படகு அங்கே ஏதோ ஒரு தீவின் மணலில் கிடந்து மக்கிப்போனது. ஊரில், மஹ்தியா துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருந்த அப்பா ஹெதி, அதற்குப் பிறகு அடுத்தவன் படகில் கூலிக்குப் போனார். மகன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றார். யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை மருத்துவர் கையை விரித்ததும் தலீலா அண்ணனைக் கூப்பிட்டாள்.

"வந்துடுண்ணே. அதிகமா நாலு நாள்தான்."

"அவர் வாயால வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த விமானத்துல வர்றேன்."

"அவரால பேச முடியல."

"என்னைத் திட்டவும் முடியலயா?"

வெள்ளிக்கிழமை அவள் அலமாரிமேல் கேமராவை வைத்து அப்பாவைப் பேசவைத்தாள். கடைசியில் அண்ணன் பெயரைச் சொன்னதுமே வசவு ஆரம்பித்துவிட்டது. அதற்குள் மருந்துக் கடையிலிருந்து ஆள் வர, கேமராவை ஓடவிட்டுவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோதும் அப்பா சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை உட்கார்ந்து, அந்த முக்கால் மணி நேரப் பதிவை அவள் தொழில் பழக்கப்படிதான் பார்த்தாள். எந்த இடத்தில் உருப்படியான சொல் இருக்கிறது என்று தேடினாளே தவிர, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. வசவு என்று தெரிந்த பகுதியை அப்படியே ஒதுக்கிவிட்டாள்.

பதினைந்து வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. ஊர்க் கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டுவது. தலீலாவின் படங்களில் எந்தக் கல்யாணத்திலும் சண்டை வந்ததில்லை. மாமியார்கள் முகம் சுளித்ததில்லை, மாப்பிள்ளையின் சித்தப்பா ஏப்பம் விட்டதில்லை, மணப்பெண் ஒப்பனை கலைய அழுததெல்லாம் மகிழ்ச்சியில் அழுததுதான். நிஜத்தில் பாதி ஜோடிகள் வருடம் திரும்புவதற்குள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போனாலும் படத்தைத் திருப்பித் தந்தவர் ஒருவரும் இல்லை. வெட்டுவது ஒரு உபகாரம் என்று அவள் மனசார நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் பதினோரு விநாடியை அண்ணனுக்கு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "நாளைக்குக் காலைல கிளம்பறேன்."

அப்பா அதுவரை இருக்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மா வஸீலா ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் அம்மா நனைத்துக்கொண்டே இருந்தாள். தலீலாதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிற்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவானது. குளிப்பாட்டித் துணி சுற்றி, முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்கள். லுத்ஃபி பெட்டியும் கையுமாக உள்ளே வந்தான். முன்வழுக்கை விழுந்து, உடம்பு பெருத்து, யாரோ போலிருந்தான். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு எழாமல் அப்படியே இருந்தான். ஆண்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு உடலைத் தூக்குகையில் முன்பக்கத்துத் தோள் அவனுடையதாயிற்று. கடற்கரைக் கல்லறைக்கு ஊர்வலம் போனது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. தொலைக்காட்சிமேல் ஒரு போர்வை கிடந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாகக் கூஸ்கூஸ் ரவைச் சோறு வந்தது. வந்தவர்களிடமெல்லாம் லுத்ஃபி கைப்பேசியை நீட்டினான்.

"அப்பா என்னைக் கூப்பிட்டாரு. நீங்களே கேளுங்க."

கேட்டவர்கள் அழுதார்கள். துறைமுகத்துக் கிழவர்கள் கூட, "அந்த முரடன் வாயிலருந்தா" என்று கண்ணைத் துடைத்தார்கள். அவன் தன் தலைமேலிருந்த ஏதோ இறங்கிவிட்டவனைப்போல் எல்லாரையும் கட்டிக்கொண்டான். தலீலா காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிடுவாள். இவ்வளவு நன்றாக ஒட்டிய வேலை ஒன்றை அவள் இதற்குமுன் செய்ததில்லை. பார்க்கத்தான் முடியவில்லை.

இரண்டாம் நாள் அம்மாவும் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரும்பவும் போடச் சொல்லி இன்னொரு முறை பார்த்தாள். கைப்பேசியைக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் தலீலா கொல்லையில் போர்வை உலர்த்தும்போது அவளிடம் வந்தாள்.

"இது என்னிக்கு எடுத்தது?"

"வெள்ளிக்கெழமை."

"அந்தக் கையில வெள்ளி மோதிரம் இருக்கு. வெரல் வீங்கிப்போச்சுன்னு புதன்கெழமை எண்ணெய் போட்டு நான்தானே கழட்டினேன்."

தலீலா கவ்விகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் மாட்டினாள்.

"அவர் கூப்பிடலையா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"என்ன சொன்னாரு?"

"திட்டினாரு. அதை அனுப்பியிருந்தா வந்திருப்பானாம்மா?"

அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "வந்திருக்க மாட்டான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பொணத்துக்குத் தோள் குடுத்தான். அது போதும்" என்றும் சொன்னாள். அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் தலீலா நினைத்தாள்.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்து, மதியம் உறவுகள் கலைந்தபின் லுத்ஃபி சமையலறைக்கு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மிச்சத்தையும் குடு."

"என்ன மிச்சம்?"

"பதினோரு செகண்டுதான் இருக்கு. அப்பா பதினோரு செகண்டுல பேச்சை முடிக்கிற ஆளா? இன்னும் ஏதாவது சொல்லியிருப்பாரு. நாளைக்கு நான் போகணும். போட்டுக் காட்டு."

"அழிச்சுட்டேண்ணே. கார்டுல எடம் இல்ல. ஒரு கல்யாணம் இருந்துச்சு."

அவன் முகம் சுருங்கிப்போனது. கல்யாணத்துக்காக அப்பாவை அழித்தவளை அவன் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை, அதுதான் அவளைச் சுட்டது.

"அழிக்கல" என்று கதவருகிலிருந்து அம்மா சொன்னாள். "இவகிட்ட இருக்கு."

"அம்மா."

"குடுத்துடு. திட்டியிருந்தாலும் அவனைத் திட்டினது. உன்னைத் திட்டினதில்ல, நீ வெச்சுக்க."

மூன்று நாளாக அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் தலீலா கொடுத்தது, இப்போது அவளே பிடுங்கப்போகிறாள். நாவிதரைப் பற்றிச் சொன்னாள். கையைப் பற்றிச் சொன்னாள். வரட்டும் என்று அப்பா சொல்லவேயில்லை என்பதையும் சொல்லி முடித்தாள். லுத்ஃபி மேசையில் சிந்தியிருந்த ரவையை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர் முழுக்கக் காட்டினேனே தலீலா" என்றான்.

"மன்னிச்சுடுண்ணே."

"போடு. கேக்கறேன்."

கணினியைத் திருப்பிவைத்து, வசவு தொடங்கும் இடத்திலிருந்து ஓடவிட்டாள். திருட்டு நாய் என்று ஆரம்பித்தார் அப்பா. தகப்பன் சோத்துல மண்ணப் போட்டவன் என்றார். லுத்ஃபி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். படத்தில் தலீலா வெளியே போகும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இடத்துக்கு மேல் தலீலாவும் கேட்டதில்லை. குரல் தாழ்ந்துவிட்டதால் ஒலியைக் கூட்டினாள்.

"படகுல தண்ணி எறைக்கிற பம்பு கெட்டுக் கெடந்துச்சு" என்றார் அப்பா. "மறுநாள் கழட்டலாம்னு வெச்சிருந்தேன். கழுதைக்கு அது தெரியாது. எடுத்துட்டுப் போயிட்டான். கெழக்குக் காத்து வேற, எதிர்க்காத்து. தண்ணி ஏறாம இருக்காது. எட்டு நாள் துறைமுகத்துல நின்னேன். வர்ற படகையெல்லாம் நிறுத்தி, ஏதாச்சும் ஒதுங்குச்சான்னு கேட்டேன். ஒன்பதாம் நாள் ஃபோன் வந்துச்சு, உசுரோட இருக்கான்னு. எப்படி இருப்பான்? படகு கெடக்கட்டும், மரம்தானே. பம்பு ஓடாம எட்டு பேரை எப்படிக் கொண்டுபோனான்? தண்ணிய எப்படி எறைச்சான்?"

மூச்சு வாங்கினார். சுவரைப் பார்த்தபடியே, "யாராச்சும் கேட்டுச் சொல்லுங்கடா" என்றார்.

"வாளியாலப்பா" என்றான் லுத்ஃபி.

அம்மா உள்ளே வந்து அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"ரெண்டு வாளி இருந்துச்சு. மாத்தி மாத்தி எறைச்சோம். தூங்கினவனை எழுப்பி எழுப்பி. வெளிச்சம் வர்ற வரைக்கும் எறைச்சோம்பா."

திரையில் அப்பாவின் போர்வை ஏறி இறங்கியது. தலீலா முகத்தைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மெல்லப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினார், கேமராவுக்கு நேராக.

"நாக்கு ஒட்டுது. கொஞ்சம் தண்ணி குடு."

லுத்ஃபி எழுந்துவிட்டான். பானையிலிருந்து தம்ளரில் மொண்டுகொண்டு, அப்பாவின் அறை வாசல் வரை போனான். அங்கே காலிக் கட்டிலைச் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள்.