பேகத்தின் விலா எலும்புகள்

நாற்பத்து மூன்று விநாடி ஓடும் வீடியோ அது. ஒரு வெள்ளைக் குதிரை வேப்பமரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். பின்னணியில் அழுது வடிகிற ஒரு புல்லாங்குழல். கீழே 'பட்டினி போட்டுக் கொல்லும் கொடூரன்' என்று எழுதி, ராசிபுரத்தில் இன்ன தெரு, உசேன் என்று பெயர் என முகவரியையும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாதவனெல்லாம் வாய் கூசாமல் எழுதியிருந்தான். பாதிப் பேர் குதிரையை விட்டுவிட்டு உசேனின் மதத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரசு கால்நடை மருத்துவர் கயல்விழிக்கும் அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டுதான் வந்தது. பொய் சொல்வானேன், அவளுக்கும் கோபம் உசேன் மேல்தான். நேரில் போய்ப் பார்த்து, குதிரை புறக்கணிக்கப்படுகிறதா இல்லையா என்று அறிக்கை கொடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆமாம் என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், குதிரையைப் பிடுங்கிக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை, இந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்ற முடிவோடுதான் ஸ்கூட்டரை எடுத்தாள்.

போய்ப் பார்த்தால் எலும்பு நிஜம்தான். வீடியோவில் இருந்ததைவிட அதிகமாகவே தெரிந்தது. ஆனால் கயல்விழி எலும்பை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவள் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள்; பாசி இல்லை. நான்கு காலையும் தூக்கிப் பார்த்தாள். குளம்பு போன வாரம்தான் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி மழமழவென்று இருந்தது. வார் படுகிற இடத்தில் ஒரு புண் கிடையாது. கொட்டடியில் சாணம் அள்ளிய ஈரம் இன்னும் காயவில்லை. கடைசியாக வாயைத் திறந்து பார்த்தாள். முன்பல் வயதாகி முன்னுக்குச் சாய்ந்து கிடந்தது. கடைவாய்ப் பல் தேய்ந்து தேய்ந்து ஈறோடு ஈறாகிவிட்டது. அங்கேயே அவளுடைய கோபம் இறங்கிப் போயிற்று.

பேகம் என்று பெயர் அந்தக் குதிரைக்கு. மூன்று வயதில் வந்தது. இருபது வருஷம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது. கால் தளர்ந்ததும் ஊர்வலத்தை நிறுத்திவிட்டு, ஆறு வருஷமாகச் சும்மா நிறுத்திச் சோறு போடுகிறார் உசேன். புல்லை மெல்ல முடியாது என்பதால், கொள்ளை வேகவைத்துக் கையாலேயே மசித்து, கோதுமைத் தவிடும் கொஞ்சம் வெல்லமும் போட்டுப் பிசைந்து மூன்று வேளையும் கொடுப்பது அவர் மனைவி அஜீஸுன்னிசா. என் கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவள், எனக்கு மூத்தாள், நான் என்ன செய்வது என்று அந்தம்மா அலுத்துக்கொண்டே மசித்தார். கயல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உசேன் மட்டும் சிரிக்கவில்லை. நாலு நாளாக அவர் கடைத்தெருப் பக்கமே போகவில்லையாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேகத்தை என்கிட்டயே விட்டுடுவாங்களா டாக்டரம்மா?"

விட்டுவிடுவார்கள், நான் எழுதுகிறேன் என்றாள். எழுதவும் செய்தாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, மெலிவுக்குக் காரணம் முதுமை, பராமரிப்பு மிக நன்று, புறக்கணிப்பு இல்லை என்று மூன்று பக்கம் எழுதி முடித்தாள். முத்திரை குத்த வேண்டும். முத்திரை பீரோவில், பீரோச் சாவி லீவில் போன உதவியாளரிடம். திங்கட்கிழமை அனுப்பினால் போகிறது என்று காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே குருமூர்த்தி போன் பண்ணினார். வீடியோ போட்டவர் அவர்தான். நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், 'உயிர்த்துணை' என்று பிராணிகளுக்காக ஒரு குழுவும் நடத்துகிறவர். என்னங்க மேடம், என்ன எழுதினீங்க என்று கேட்டார். அதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதுங்க என்று கயல்விழி வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை. அது கிழட்டுக் குதிரைங்க, பல்லு இல்லீங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் குழு ஒரு மினி லாரியோடு உசேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே இருந்தான். தெருவே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் அது எங்கே போய் முடியும் என்று உசேனுக்குத் தெரியும். ரெண்டு நாள் வைத்துக்கொள்ளட்டும், டாக்டரம்மா ரிப்போர்ட் வந்ததும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று தானே கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அஜீஸுன்னிசா லாரி பின்னாலேயே ஓடி, கொள்ளை வேகவைத்து மசித்துத்தான் போடணும் என்று சொல்லிக்கொண்டே போனாராம். அந்தப் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் குருமூர்த்தியிடமிருந்து போன். குதிரை படுத்துவிட்டது, எழுந்திருக்கமாட்டேன் என்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். பாதி வழியில் உசேனுக்கும் சொல்லிவிட்டுக் கயல்விழி பறந்துகொண்டு போனாள்.

பண்ணையில் ஃபேனுக்குக் கீழே புத்தம்புது மணல் பரப்பிப் பேகத்தைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். இதயம் தாறுமாறாக அடித்தது. பின்னங்கால் இரண்டும் தன் பேச்சைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு கிடந்தன. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். குருமூர்த்திக்கு அந்த நேரத்திலும் முகத்தில் ஒரு பெருமை.

"என்ர பண்ணைல இருக்கறதுலயே சத்தான தீவனமுங்க. வாளி வாளியாத் தின்னுச்சு. பாவம், எத்தன நாள் பட்டினியோ."

மூலையில் சாக்கு நின்றது. கோழிக்குஞ்சுத் தீவனம். மெல்லவே வேண்டாம், மாவு மாதிரி இருக்கும். பல்லில்லாத கிழவி தின்னாமல் என்ன செய்யும்? கயல்விழி சாக்கைத் திருப்பி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கக் கலக்கிற மருந்தின் பெயர் அதில் இருந்தது. கோழிக்கு அது காவல். குதிரைக்கு விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் இதயத் தசையை அரித்துவிடும். இதுவோ இரண்டு நாள் மூக்குமுட்டத் தின்றிருக்கிறது. மாற்று மருந்து கிடையாது. இந்த ஊரில் குஞ்சுத் தீவனம் ஆட்டுக்கும் போகும், மாட்டுக்கும் போகும். எதற்கும் ஒன்றும் ஆனதில்லை என்ற தைரியம்.

தெரிந்தும் சும்மா இருக்க முடியவில்லை. சலைன் ஏற்றினாள், ஊசி போட்டாள். உசேன் வந்து பேகத்தின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது ஒரு தடவை அவர் சட்டையை மோந்து பார்த்தது. பத்து மணிக்கு முன்னால் உயிர் போய்விட்டது.

குருமூர்த்தி அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் கயல்விழிக்குப் பொறுக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டினி போட்டதில் உள்ளே எல்லாம் கெட்டுப் போயிருக்கும், நாம் காப்பாற்ற வந்தது தாமதமாகிவிட்டது, அப்படியே எழுதிடுங்க மேடம் என்றார். செல்போன்காரன் அதற்குள் செத்த குதிரையைப் படமெடுக்க ஆரம்பித்திருந்தான். கயல்விழி எழுந்து போய் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். தப்புத்தான். போட்டாள்.

போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தூணில் கட்டியிருந்த நாயைப் பார்த்தாள். லேப்ரடார். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சிவப்புப் பட்டை கட்டி, எண்ணெய் தடவின பூசணிக்காய் மாதிரி மினுமினுவென்று இருந்தது. சங்கிலி மூன்று முழம்கூட இருக்காது. குனிந்து அதன் பாதத்தைத் தூக்கினாள். நடந்து தேயாத நகம் வளைந்து வளைந்து உள்ளங்காலுக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. நான்கு காலிலும் அப்படித்தான். எத்தனை மாசமாக அவிழ்த்துவிடவில்லை என்று கேட்டாள். இருநூறு கோழி ஓடுற இடமுங்க, எப்படி அவுத்துவிடறது, வேளாவேளைக்குக் கறி போடறமே என்றார் குருமூர்த்தி. அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கொழுத்திருந்தால் நன்றாக இருக்கிறது, எலும்பு தெரிந்தால் கொடுமை. அந்த மனுஷனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பேகம் எத்தனை வயது, எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கயல்விழி அப்போதுதான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் அறைகிற மாதிரி சொன்னாள். வெள்ளிக்கிழமை எழுதின அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். குருமூர்த்தி வாங்கி நிதானமாகப் படித்தார். தேதியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத நான் அன்னைக்குக் கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, நான் எதுக்குங்க அந்த ஊட்டுக்குப் போறேன்?"

உசேன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஒரு வசவு வைதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அறிக்கைத் தாளைத் திரும்ப வாங்கி அங்கேயே தீவன மூட்டை மேல் வைத்து மேற்கொண்டு எழுதினாள். இறப்புக்குக் காரணம் கோழிக்குஞ்சுத் தீவனம் என்று எழுதினாள். இன்னொரு தாளில் பிராணி நாய், உரிமையாளர் குருமூர்த்தி, புறக்கணிப்பு உண்டு என்று நகத்தைப் பற்றியும் சங்கிலியைப் பற்றியும் எழுதினாள். திரும்ப முதல் தாளை எடுத்து, இந்த அறிக்கை வெள்ளிக்கிழமையே தயாராக இருந்தும், கேட்டவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நான் பையில் வைத்திருந்தேன் என்று அடியில் யாரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். முத்திரைக்காக இந்தத் தடவை காத்திருக்கவில்லை. போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டாள்.

உசேன் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். அவருடைய மொபெட்டில் ஒரு தூக்குப்போசி தொங்கியது. காலையில் அஜீஸுன்னிசா மசித்துக் கொடுத்தனுப்பிய கொள்ளு, இன்னும் சூடு ஆறவில்லை. அதைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு நாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். அது எட்டி எட்டிப் பார்த்தது. சங்கிலி போதவில்லை. உசேன் உட்கார்ந்து, போசியை இன்னும் ஒரு சாண் அதன் பக்கம் தள்ளி வைத்தார்.