முன்னூற்று நாற்பது வண்டிகள்

சைக்கிள்காரர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெர்ஞாக் என்ற இந்தச் சிற்றூரில் இருக்கும் ஒரே கடை என்னுடையது. காப்பி, ஒயின், சிகரெட், தபால்தலை, மீன்பிடி உரிமச் சீட்டு எல்லாம் இங்கேதான். முப்பத்து நான்கு வருடமாக இதே பலகைக்குப் பின்னால் நின்று உலகத்தைப் பார்த்தவள் நான். அதில் சைக்கிள்காரனைப் போல வெட்கம் கெட்ட ஜென்மத்தைப் பார்த்ததில்லை.

வருடத்துக்கு இருபது முப்பது பேர் வழி தவறி வருவார்கள். தொடையை இறுக்கிய கால்சட்டையோடு உள்ளே நுழைந்து, ஆளுக்கு ஒரு ஸ்ட்ரா போட்டு ஒரே எலுமிச்சைச் சோடாவை இரண்டு பேர் குடிப்பார்கள். பிறகு கழிவறை எங்கே என்பார்கள். பாட்டிலை மட்டும் என்னிடம் நிரப்ப மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்துக் குழாயில் நிரப்பிக்கொள்வார்கள். செத்தவர்களின் பூச்செடிக்கு ஊற்ற வைத்த தண்ணீர் அது. போரில் இறந்தவர்களின் நினைவுத்தூணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, என் மாடி ஜன்னலின் உடைந்த மரக்கதவைப் படம் எடுத்து, "என்ன அழகு!" என்று பெருமூச்சு விடுவார்கள். ஆசாரி கிடைக்காமல் ஒன்பது வருடமாகத் தொங்கும் கதவு அது.

எங்கள் தேவாலயத்துக்கு எண்ணூறு வயது. தூண் ஒன்றின் உச்சியில் யாழ் வாசிக்கும் கழுதையைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மன்றத்தை யாரோ அந்தக் காலத்திலேயே முன்கூட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மன்றத்தின் தலைவர், அதாவது மேயர், எவரிஸ்த். வால்நட் தோப்புக்காரர். மேயருக்குரிய மூன்று வண்ணப் பட்டையைத் தோளில் மாட்டினால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார், கழற்றினால் விட்டுவிடுவார். பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வேறொன்றும் கிடையாது.

என் மகள் நதேஜ் போன குளிர்காலத்தில் நாந்த் நகரத்திலிருந்து வந்தாள். பன்னிரண்டு வருடம் அங்கே அலுவலகத்தில் உட்கார்ந்து முதுகு கெட்டதுதான் மிச்சம். கடைக்கு மேலே உள்ள நான்கு அறைகளைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, இத வெள்ளையடிச்சு சைக்கிள்காரங்க தங்குற அறையா ஆக்கலாம்."

"வழி தவறி வர்ற ஆளுங்களுக்கா? ஸ்ட்ராவுக்கு வாடகை வாங்குவியா?"

"வழி தவறி இல்லம்மா, வழியே இங்க வரப்போகுது. மாவட்டத்துல புதுசா சைக்கிள் பாதை போடுறாங்க. பழைய ஊர், பழைய கோயில் பாத்துக்கிட்டே போற மாதிரி. நம்ம ஊர் இல்லாட்டி பெலூஸ். ரெண்டுல ஒண்ணு."

பெலூஸ் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஜிஸ்லேன் என்பவள் ஒரு சாப்பாட்டு விடுதி நடத்துகிறாள். பேரங்காடியில் வாங்கிய உறைந்த பண்டத்தைச் சூடாக்கி "என் கையால் செய்தது" என்று பலகையில் எழுதிவைக்கும் பொம்பளை. முப்பது வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை.

பாதை இங்கே வந்தால் நதேஜ் என்னோடு இருப்பாள். வராவிட்டால் போய்விடுவாள். அவள் சுற்றிவளைக்காமல் இப்படித்தான் சொன்னாள். நான் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே மாதம் அவள் நாந்த் வீட்டைக் காலி செய்துவரக் கிளம்பினாள். போகும்போது ஒரு காகிதக் கட்டை என் முன்னால் பலகையில் வைத்தாள். "படிம்மா. ஆறு பக்கம்தான். எந்த மாதிரி பாதைய எடுப்பாங்கன்னு இதுல இருக்கு."

சைக்கிள்காரன் எழுதியதை நான் படிப்பதா? பீர் கிளாஸ்களுக்கு அடியில் வைக்கும் அட்டைகளை அதன்மேல் அடுக்கிவைத்தேன். கட்டு மேடுபள்ளம் இல்லாமல் இருந்தது, அதற்கு உதவியது.

அவள் போன இரண்டாம் நாள், ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இருவர் வந்து, ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்காக ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணியடித்துப் பதித்தார்கள். அதன் முனையில் ஒரு பெட்டி. பெட்டியைச் சாலையோர மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுப்போம் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

மத்தியானம் கடையில் கூட்டம். கூட்டம் என்றால் ஒன்பது பேர்.

"எண்ணுறாங்க," என்றான் ஃபிர்மேன். டிராக்டர் வைத்திருக்கிறான், வேலை வைத்துக்கொள்வதில்லை. "ஒவ்வொரு வண்டி ஏறும்போதும் அந்தப் பெட்டி ஒண்ணு கூட்டிக்கும்."

எண்ணுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணினார்கள், பதினொன்று இருந்தது, மூடினார்கள். தபால் நிலையத்தில் ஒரு மாதம் கடிதங்களை எண்ணினார்கள், மூடினார்கள். ரயில் நிறுத்தத்தில் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து இறங்குகிறவர்களை எண்ணினாள். இப்போது அங்கே முள்செடிதான் இறங்குகிறது. பாதிரியார் கூட பூசைக்கு வருகிற தலைகளை எண்ணிவிட்டு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று முடிவு செய்தார்.

"நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு எத்தன வண்டி போகும்?" என்று மேயர் கேட்டார்.

"ரொட்டி வண்டி, தபால் வண்டி, நான்," என்றான் ஃபிர்மேன். "நான் ரெண்டு தடவ."

"செத்தோம். குறைச்சலா இருக்குன்னு பாதைய பெலூசுக்குத் தூக்கிக் குடுத்துருவானுங்க."

"அப்ப குறையக் கூடாது," என்றான் ஃபிர்மேன்.

அவன் வாழ்க்கையில் யோசித்த ஒரே யோசனை அது. மேயர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சிக்குவோம். ஆனா சத்தமில்லாம."

அந்த வாரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எண்பத்து மூன்று பேர் உள்ள ஊர், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ரப்பர் குழாயின்மேல் போய்வந்து கொண்டிருந்தது. மன்ற உறுப்பினர்கள் முறை போட்டார்கள். ஃபிர்மேன் டிராக்டரின் பின்னால் காலி இழுவண்டியை மாட்டிக்கொண்டான், சக்கரம் அதிகமானால் கணக்கும் கூடுமாம். குடித்துவிட்டு ஓட்டி ஓட்டுநர் உரிமத்தைப் பறிகொடுத்த இரண்டு பேர், உரிமம் தேவைப்படாத அந்தத் தகரடப்பாக் குட்டிக் கார்களில் மணிக்கணக்கில் சுற்றினார்கள். துணி துவைக்கும் பழைய கல்தொட்டி வரை போவது, திரும்புவது, எதிரே வருகிறவனுக்குப் பெரிய மனுஷன் மாதிரி தலையசைப்பது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவனையும் பார்த்துச் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

"என்னா மர்சலீன், உன் வேன் எங்க?" என்று மேயர் காரிலிருந்து கத்தினார்.

"என் வேன் சரக்கு எடுக்கப் போகும். சர்க்கஸ் காட்டப் போகாது," என்றேன்.

நதேஜ் திரும்பி வந்த வாரமே மாவட்ட அலுவலகத்தின் கடிதமும் வந்தது. மேயர் அதை என் கடையில் பிரித்தார். எல்லோரும் இருந்தார்கள். கண்ணாடியை மாட்டி, முதல் பத்தியை மட்டும் வாசித்தார்.

"ஒரு நாளைக்குச் சராசரி முன்னூத்தி நாப்பது வண்டி!"

கைதட்டினார்கள். ஃபிர்மேன் தன் டிராக்டரையே பெற்றெடுத்தவன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நதேஜ் மட்டும் கைதட்டவில்லை. மெதுவாக நடந்துவந்து கடிதத்தை மேயர் கையிலிருந்து வாங்கி, இரண்டாம் பத்தியைப் படித்தாள்.

"இவ்வளவு போக்குவரத்துள்ள சாலை அமைதிப் பாதைக்கு உகந்ததன்று. எனவே பாதை பெலூஸ் வழியாகச் செல்லும்."



"அமைதிப் பாதைங்க," என்றாள் நதேஜ். "வண்டியே போகாத ரோடுதான் வேணும் அவங்களுக்கு. அம்பதுக்குக் கீழ இருக்கணும். நம்ம ரோட்டுல அஞ்சுகூட போகாது. எண்பத்துமூணு பேரு இருக்குற ஊர்ல முன்னூத்தி நாப்பது வண்டி எங்கேர்ந்து வந்துச்சு மேயர் சார்?"

"குறைச்சலா இருக்கணும்னு யாரும்மா கேப்பாங்க?" என்றார் மேயர். "எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லயே."

அந்த ஒரு கணம் அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. உடனே விரட்டிவிட்டேன்.

நதேஜ் சும்மா இருக்கவில்லை. மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். நடந்ததை மூன்று வீட்டார் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தால் திரும்ப எண்ணுவோம் என்றார்கள். மூன்றே மூன்று கையெழுத்து. மேயர் மறுத்தார், பதவியில் இருப்பவர் இப்படி எழுதிக்கொடுக்க முடியாதாம். ஃபிர்மேன் மறுத்தான், பெலூஸ்காரர்கள் சிரிப்பார்களாம். உரிமம் இல்லாதவர்களில் ஒருவனும், ரொட்டி வண்டி ஓட்டுகிறவனின் விதவைத் தங்கையும் மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். இன்னும் ஒன்று வேண்டும்.

சாயங்காலம் கடையில் ஆளில்லாத நேரம் நதேஜ் என் முன்னால் தாளை வைத்தாள்.

"நீ எழுதும்மா."

"நான் எதுக்கு? நான் என்ன சர்க்கஸ்காரியா?"

"நெசமா சொல்லு. எத்தன தடவ போன?"

"ஒரு தடவகூட இல்ல."

அவள் பீர் அட்டைகளைத் தூக்கி, அடியில் இருந்த ஆறு பக்கங்களை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஈர வட்டம் ஒன்று இருந்தது. அந்த வட்டத்துக்குள்ளேயே, தடித்த எழுத்தில், நாளைக்கு ஐம்பது வண்டிக்கும் குறைவாக ஓடும் சாலைகள் என்று இருந்தது. அவள் என்னிடம் அதைக் காட்டவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும்.

எழுதியிருக்கலாம். நான்கு வரி. ஆனால் அந்த வாரம் முழுக்க வாசலில் நின்று ஊரையே பார்த்துச் சிரித்தவள் நான். என் கையெழுத்தை மேயர் பார்ப்பார், ஃபிர்மேன் பார்ப்பான், பிறகு என் கடையில் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரிப்பார்கள். அதைத் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் மானம், ஒரு கிளாஸ் ஒயினுக்கு மேல் பெறாது.

ஜூலையில் நதேஜ் பெலூசுக்குப் போய்விட்டாள். ஜிஸ்லேன் விடுதியில் சைக்கிள்காரர்களுக்கு அறை பார்த்துக்கொள்கிறாள், சமையலும் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவாள். உடம்பு எப்படி என்பாள், நல்லா இருக்கேன் என்பேன். மேலே நான்கு அறைகளில் இரண்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, இரண்டு அப்படியே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அதே இறுக்கக் கால்சட்டை, அதே ஒரு சோடா, இரண்டு ஸ்ட்ரா. வழி தவறியவர்கள்.

"மதாம், இங்க எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றாள் அந்தப் பெண். "ஒரு மணி நேரமா ஒரு வண்டியக்கூட பாக்கல. பாதைய ஏன் இந்தப் பக்கம் போடல?"

"போக்குவரத்து ஜாஸ்தி," என்றேன்.

அவள் வெறிச்சோடிய சாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிழவிக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று முடிவு செய்தாள். அவன் வரைபடத்தை விரித்து, பெலூசுக்கு எப்படிப் போவது என்று கேட்டான். சொன்னேன். கிளம்பியவர்களின் பின்னாலேயே வாசல்வரை ஓடினேன்.

"அங்க விடுதியில ஜிஸ்லேன் கையால எதையும் சாப்பிடாதீங்க. நதேஜ்னு ஒரு பொண்ணு இருக்கா. ஆம்லெட் அவ கையால போடச் சொல்லுங்க."

"யார் சொன்னாங்கன்னு கேட்டா?"

"கேக்கமாட்டா. நீங்களா ஒரு விஷயம் சொல்லணும். நாப்பத்தொரு தடவைன்னு சொல்லுங்க."

"என்ன நாப்பத்தொரு தடவ?"

"விடியக்காலைல, ஊர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னால, வேன்லன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். "நாப்பத்தொண்ணு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "மறக்கமாட்டேன் மதாம்."

அந்தச் சாலையோர மரத்தைத் தாண்டி, ஆணித் தழும்பு இன்னும் இருக்கும் இடத்தைத் தாண்டி, இருவரும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு கிலோமீட்டர்தான். சைக்கிளில் அரை மணி நேரம். அதுவரை மறந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று, அந்த இறுக்கக் கால்சட்டைக்காரியை நம்பி, வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.