பெல்ட் இல்லாத கொஞ்ச நேரம்

செந்தட்டிக்காளை தன் சின்னக் காரின் பழைய ஃபேன் பெல்ட்டைக் கழற்றியதும் வாசலில் சங்கு ஊதினார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெல்ட் இல்லாத கார் செத்த கார். சங்குக்காரர் காலையிலிருந்தே கேட்டில் சாய்ந்துகொண்டு, இவர் எப்போது ஸ்பேனரைத் தொடுவார் என்று காத்திருந்தார். ஊதி முடித்ததும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. அடுத்த தெருவில் ஒருவர் கிரைண்டரைக் கழற்ற உட்கார்ந்திருந்தாராம்.

பழைய பெல்ட் செந்தட்டிக்காளையின் கையில் தொங்கியது. உள்பக்கம் முழுக்கக் கோடைக்காலத்துக் கண்மாய் மாதிரி வெடிப்பு. சில நாளாகவே, ஸ்டார்ட் செய்தால் பூனை வாலை மிதித்ததுபோல் கத்திக்கொண்டிருந்தது. நடுரோட்டில் அறுந்துபோவதற்குள் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நினைத்தார். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

எதிர்வீட்டுக் காசிமாயன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் யார் செத்தாலும் முன்னின்று எடுத்துப் போடுகிறவர் அவர்தான். யாரும் சாகாத நாட்களில் கொஞ்சம் வாடியிருப்பார். இன்று முகம் செழிப்பாக இருந்தது.

"என்னண்ணே, இப்பிடிப் பண்ணிப்புட்டீக?"

"பெல்ட்டுதானப்பா மாத்துறேன். புதுசு இந்தா இருக்கு. மாட்டிட்டா உசுரு வந்துரும்."

"அரணாக் கயிறு எப்பிடிண்ணே மாத்துவோம்? புதுசைக் கட்டிட்டுத்தான பழசை அறுப்போம்? வெறும் இடுப்பா விடுறது பொணத்தையில்ல?"

"ஒரு புல்லியில ரெண்டு பெல்ட்டு எப்பிடிய்யா ஏறும்?"

"எங்க வண்டிக்கெல்லாம் ஏறுச்சே."

அவர் பின்னாலேயே வந்து கூடிவிட்ட தெருக்காரர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அதில் பாதிப் பேரிடம் சைக்கிள்தான் இருந்தது.

காசிமாயன் பானெட்டுக்குள் குனிந்து ரேடியேட்டரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கு. ஆனா இது பழைய சூடு."

"எப்ப எடுக்குறாக?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"பொறந்த வீட்டுக் கோடித்துணி வந்துக்கிட்டு இருக்கு. வந்ததும் வாய்க்கரிசி. போட்டதும் எடுத்துற வேண்டியதுதான்."

"வாய்க்கரிசியா? எதுலய்யா போடுவீக?" என்றார் செந்தட்டிக்காளை.

"பெட்ரோல் டாங்குலதாண்ணே. அதுக்கு வேற ஏது வாய்?"

செந்தட்டிக்காளை டாங்க் மூடியைத் திரும்பிப் பார்த்தார். டாங்கில் அரிசி விழுந்துவிட்டால் அப்புறம் பெல்ட் மாட்டி என்ன, தங்கச் சங்கிலியே மாட்டி என்ன? இந்த உலகத்தில் அவர் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தக் கார்தான். இடது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போகும். அந்த வீட்டில் வேறு யாரும் அப்படி இல்லை.

அரிசி விழுவதற்குள் புதுப் பெல்ட் ஏறியாக வேண்டும்.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டைனமோவின் போல்ட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். போல்ட் வெளியே வந்தது. திருகத் திருக வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்தது. பிறகு இரண்டு கையையும் விரித்த அளவுக்கு ஒரு பாகம் வந்தது. பிறகு கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. காசிமாயன் அதில் மாலைகளை வரிசையாகத் தொங்கவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. போடப் போடத் தெரு நீண்டது. முனையில் இருந்த டீக்கடை ஊர் எல்லைக்குப் போய்விட்டது. அங்கிருந்து வந்த டீ ஆறிப்போய், ஆடை கட்டி, கொண்டுவந்தவருக்கே தாடி நரைத்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. துக்க வீட்டில் டீயைக் குறை சொல்லக் கூடாது.

புதுப் பெல்ட்டை எடுத்து மாட்டிப் பார்த்தார். நாலு விரற்கடை பத்தவில்லை. டைனமோவை எஞ்சின் பக்கம் முழுசாகத் தள்ளிவிட்டு மறுபடி மாட்டினார். இப்போது ஒரு சாண் பத்தவில்லை.

"கடையில பழசோட வச்சுப் பாத்துத்தான வாங்குனேன்?"

"துக்கத்துல சுருங்கியிருக்கும்ணே" என்றார் காசிமாயன்.

உள்ளேயிருந்து செந்தட்டிக்காளையின் மனைவி சுப்புத்தாய் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள் அவள். முன் டயரின் பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"ஏத்தத்துல ஏறையில எளச்சு எளச்சு நின்னவனே! ரிவர்ஸு எடுக்கையில செவுத்தையெல்லாம் தின்னவனே!"

"அடியே, நிறுத்துடி! வண்டி பொழைக்கப் போகுது!"

"ஆரம்பிச்சதை முடிச்சுர்றேங்க. நாலு பேரு பாக்குறாகள்ல?"

கொட்டுச் சத்தம் கேட்டது. காரின் பிறந்த வீட்டார் வந்துவிட்டார்கள். ஷோரூம் ஆட்கள் மூன்று பேர், டை கட்டி, தாம்பாளத்தில் கோடித் துணியுடன் நடந்து வந்தார்கள். காசிமாயன் துணியைப் பிரித்தார். ஒரு வேட்டி.

"இது காரைப் போத்தப் பத்தாதே" என்றார் செந்தட்டிக்காளை.

"ஆள் உயரத்துக்குத்தான் சார் எடுத்தோம்" என்றார் மூவரில் மூத்தவர். "எப்பவுமே அதுதான் குடுப்போம். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் குடுத்ததில்ல சார்."

மூவரும் துக்கம் விசாரிக்கும் முறையில் அவர் கைகளைத் தொட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கூட்டம் முழுவதும் வந்து தொட்டது. தொட்டவர் கையிலெல்லாம் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியது. அவருடைய கைகள் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தன. கடைசி ஆள் தொட்டு முடித்தபோது நகக்கண்ணில்கூட அழுக்கு இல்லை. யாரோ குளிப்பாட்டிவிட்டது மாதிரி இருந்தது.

சுப்புத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். படி நிறைய அரிசி வந்தது. முதல் பிடியை அவள் அள்ளினாள். அவளுக்குப் பின்னால் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை டீக்கடையையும் தாண்டிப் போயிருந்தது. காசிமாயன் டாங்க் மூடியைத் திருகித் திறந்தார். பெட்ரோல் வாடை வந்தது.

செந்தட்டிக்காளை பெல்ட்டைக் கீழ் புல்லியில் கோத்து, மேலே பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் கொஞ்சம் மூச்சு வெளியே போய்விட்டது. பெல்ட் கொஞ்சம் நீண்டது. மூச்சை உள்ளே இழுத்தார். பெல்ட் சுருங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். பிறகு அடிவயிற்றில் மிச்சமிருந்ததையும் விட்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்காக இழுத்து வைத்திருந்த பழைய மூச்சு ஒன்று மூலையில் கிடந்தது. அதையும் விட்டார். பெல்ட் தாராளமாக நீண்டு, டைனமோ புல்லியில் பொத்தென்று உட்கார்ந்தது.

வேலை மும்முரத்தில் திரும்ப மூச்சு இழுக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கம்பியைக் கொடுத்து டைனமோவை நெம்பினார். தெருவில் கிடந்த போல்ட்டை ஒரே திருகில் உள்ளே இழுத்தார். மாலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை விரல் அமுங்கி எழுந்தது. கச்சிதம். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. கத்தல் இல்லை. பால் குடித்த பூனை மாதிரி உறுமியது.

"பொழச்சுருச்சு!" என்றார் காசிமாயன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். டாங்க் மூடியை அழுத்தி மூடிவிட்டு, தன் வேட்டி நுனியால் துடைக்கவும் செய்தார்.

வரிசை கலையவில்லை.

"அள்ளுன வாய்க்கரிசியைத் திருப்பிப் படியில கொட்டக் கூடாதுண்ணே" என்றார் காசிமாயன், பணிவாக. "அது படிக்கு ஆகாது. எந்த வாயிலயாச்சும் போட்டுத்தான் ஆகணும்."

யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எல்லோரும் மரியாதையாகச் செந்தட்டிக்காளையைப் பார்த்தார்கள். ஷோரூம்காரர்கள் வேட்டியின் இரண்டு முனைகளைப் பிடித்து, ஒரு தடவை உதறி, அவர் தோளுக்கு நேராகப் பிடித்தார்கள். அளவு சரியாக இருந்தது.

"சீக்கிரங்க" என்றாள் சுப்புத்தாய். "கை கடுக்குது."

செந்தட்டிக்காளை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்கு மூச்சு வேண்டும். அது இல்லை. வாய் திறந்தபடி நின்றது.

சுப்புத்தாய் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.