இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

"பெருக்குற மாதிரி வீசாதம்மா. தரையை ஒட்டியே கொண்டு போ."

ஜன்னல் வழியாக வந்த கணவரின் குரலில் பாதி மூச்சுதான் இருந்தது. தக்காளிப் பாத்தி நடுவே மெட்டல் டிடெக்டரும் கையுமாக நின்றவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடமாகத் துடைப்பம் பிடித்த கை. வீச்சு முடியும்போது தானாக மேலே எழும்பிவிடுகிறது. எழும்பினால் இந்தக் கருவிக்குக் காது கேட்காதாம்.

நேற்று அவரை நாற்காலியோடு தூக்கிவந்து இங்கே வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். சும்மா இருப்பாரா மனிதர்? குனிந்து கைக்கு எட்டிய களைகளைப் பிடுங்கினார். எலும்பாகிவிட்ட விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழன்று மண்ணில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. இன்று காலை வந்த டாக்டர், "பக்கத்துலயே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது அவருக்கும் புரிந்தது. வெறும் விரலைத் தடவிக்கொண்டே மனைவியிடம், "மோதிரத்தைப் போட்டுக்கிட்டே போயிடணும்" என்றார்.

பக்கத்தில் இருப்பதா, தோட்டத்துக்குப் போவதா? கடைசியில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, அவள் மூலையில் கிடந்த கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்கும் அவளுக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். லாரி ஓட்டி ஓய்ந்தவர் பழைய சாமான் கடையில் பிடித்துவந்தது. ஞாயிறு தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய், பை நிறைய ஆணியும் மூடியும் கொண்டுவந்து கொட்டுவார்.

"இந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்களேன்" என்று அவள் சொல்லாத வாரமில்லை.

"முதல்ல இது என்ன சொல்லுதுன்னு முழுசாப் புரியட்டும். புதுசு எங்க ஓடிடப்போகுது?"

இரண்டு வருடமாகப் புரிந்துகொண்டே இருந்தார். போன வாரம் பொறுக்கமாட்டாமல் மகளே புதிதுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். நாளை மறுநாள் வருமாம்.

கருவி கரகரத்தது.

"ஆணி" என்றது ஜன்னல்.

இரண்டடி தள்ளிக் கணீரென்று ஒரு சத்தம். அவள் சட்டென்று மண்ணைக் கிளறக் குனிந்தாள்.

"பறக்காத. குறுக்க நின்னு ஒரு தடவை வீசிப் பாரு."

குறுக்கே நின்று வீசினாள். சத்தம் உடைந்து இழுத்தது.

"சோடா மூடி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டாத்தான் தோண்டணும்."

"இதெல்லாம் எப்படிங்க தெரியுது?"

"உன்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தலையா? பாத்திரம் வைக்குற சத்தத்துலயே தெரியுமே, எனக்குச் சோறு உண்டா இல்லையான்னு."

உள்ளே மகள் சிரித்தாள். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோதிரமாவது மண்ணாங்கட்டியாவது, ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது.

"நான் உள்ள வந்துடட்டுமாங்க?"

"அந்த ஓரம் பாக்கி இருக்கே... நீ வீசு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் ஓரத்துக்குப் போனாள். மறுபடி கருவி முனகியது. பதில் வர நேரமாயிற்று.

"தகரம்னு சொல்றாரும்மா" என்றாள் மகள்.

கடைசிச் செடியின் அடியில் மெல்லிய, இதமான ஒரு சத்தம் கேட்டது. இதுவரை கேட்காத சத்தம். அவள் பறக்கவில்லை. குறுக்கே போய் நின்று, மண்ணை உரசுவதுபோல வீசினாள். கை எழும்பவில்லை. அதே சத்தம்.

"ஏங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதுங்க!"

ஜன்னல் பேசவில்லை.

"ஏங்க, தோண்டட்டுமா?"

மகள் அவர் கையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா..." என்று மட்டும் சொன்னாள்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கருவியின் சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகினாள். தரையை ஒட்டி, நிதானமாக, அதே இடத்தில் இன்னொரு முறை வீசினாள்.